மார்ஜரின் நக்கிய நாய்க்கு என்ன ஆகும்?

வெண்ணெய்க்குப் பதிலாக ரொட்டியில் தடவும் மார்ஜரின் டப்பா திறந்து கிடந்து, அதில் நாய் வாய் வைத்துவிட்டால், "செடியிலிருந்து எடுத்த கொழுப்புதானே, ஒன்றும் ஆகாது" என்று பலரும் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். இது பாதிதான் சரி. சூரியகாந்தி, சோயா, பனை எண்ணெய்களில் நாய்க்கு நஞ்சாகும் பொருள் எதுவும் இல்லை. ஆனால் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதைவிட, எவ்வளவு வந்தது என்பதுதான் நாயின் வயிற்றுக்கு முக்கியம்.

1869இல் பிரான்ஸில் இப்போலித் மேஜ்-மூரியே உருவாக்கிய முதல் மார்ஜரினே மாட்டுக் கொழுப்பில் செய்ததுதான். தாவர எண்ணெய்கள் பிற்பாடு வந்தன. இன்றைய மார்ஜரினில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பங்கு தண்ணீர், அப்புறம் கொஞ்சம் உப்பு, எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடாமல் பிடித்துவைக்கும் லெசித்தின் போன்றவை. 'லைட்' வகைகளில் கொழுப்பு 40 சதவீதம் வரை இறங்கும்.

அளவு என்றதும் ஒரு ஸ்பூன்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 350 கலோரி. தீனி, தின்பண்டம் என்று கூடுதலாகக் கொடுப்பது அதில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. அதாவது 35 கலோரி. ஒரு டீஸ்பூன் மார்ஜரினே 35 கலோரி வரும். 250 கிராம் டப்பாவை வழித்துத் தின்றால் 1800 கலோரி, அந்த நாயின் ஐந்து நாள் சாப்பாடு, அதுவும் கிட்டத்தட்ட முழுவதும் கொழுப்பாக.

இவ்வளவும் உள்ளே போனால் என்ன நடக்கிறது? கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தை எட்டியதும் குடல் சுவர் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது, கணையத்தையும் நொதிகளை அனுப்பச் சொல்கிறது. பித்தநீர் கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைக்க, கணையத்தின் லைபேஸ் அந்தத் துளிகளைச் சிதைக்கிறது. சமாளிக்க முடியாத அளவுக்குக் கொழுப்பு வந்தால் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை மாற்றி உண்டாக்கும் அமிலங்கள் குடலுக்குள் நீரை வரவழைக்கும். மறுநாள் தரையைத் துடைக்க வைக்கும் வயிற்றுப்போக்கு இப்படி வருவதுதான். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

பயப்பட வேண்டியது கணைய அழற்சிக்கு. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினை, செயல்படாத வடிவத்தில், உறையில் போட்ட கத்தி மாதிரி, கணையம் வைத்திருக்கிறது. குடலுக்குப் போன பிறகுதான் அது உறையை விட்டு வெளியே வர வேண்டும். கணைய அழற்சியில் அது கணையத்தின் செல்களுக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. சுரந்த உறுப்பே செரிக்கப்படுகிறது. வழக்கமில்லாத அளவுக்குக் கொழுப்பைத் தின்பது இதைத் தூண்டக்கூடிய காரணங்களில் ஒன்று. எல்லா நாய்க்கும் இப்படி ஆவதில்லை. பருமனான நாய்கள், முன்பே ஒருமுறை கணைய அழற்சி வந்தவை, ரத்தத்தில் இயல்பாகவே கொழுப்பு கூடுதலாக இருக்கும் மினியேச்சர் ஷ்னாசர் போன்ற இனங்கள் ஆகியவற்றுக்கு ஆபத்து அதிகம்.

திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமை, சோர்வு ஆகியவை அறிகுறிகள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். விளையாடக் கூப்பிடும் நாயும் இப்படித்தான் குனியும், ஆனால் அடுத்த நொடியே துள்ளிவிடும். வயிற்று வலியில் இருப்பது அப்படியே நிற்கும், வயிற்றைத் தொட்டால் விறைத்துக்கொள்ளும். இதைக் கண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வெண்ணெயைவிட மார்ஜரின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சை நாய் விஷயத்தில் மறந்துவிடலாம். நாயின் ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமப்பது பெரும்பாலும் 'நல்ல கொலஸ்டிரால்' எனப்படும் எச்டிஎல்தான். தைராய்டு குறைபாடோ சர்க்கரை நோயோ இல்லாத நாய்க்கு நம்மைப் போல ரத்தக்குழாய் அடைப்பது அரிது. நமக்காகச் செய்த ஒப்பீடு அதற்குப் பொருந்தாது.

உண்மையான நஞ்சு, கொழுப்போடு கலந்து வரும் பொருள்களில்தான் இருக்கிறது. பூண்டு சேர்த்த வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்கும். பொடியாகச் சேர்த்திருந்தால் வீரியம் இன்னும் கூடுதல். கோகோ கலந்ததில் தியோபுரோமின் என்ற நஞ்சு, மக்காடமியா கலந்ததில் பின்னங்கால் தளர்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்கல்.

எல்லாவற்றையும்விட மோசமானது சைலிடால் என்ற இனிப்பூட்டி. சர்க்கரை சேர்க்காத இனிப்பு ஸ்ப்ரெட்களிலும் சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் இது இருக்கலாம். லேபிளில் இ967 என்றோ பிர்ச் சர்க்கரை என்றோ போட்டிருப்பார்கள். இதை உட்கொண்ட நாயின் கணையம் இன்சுலினைக் கொட்டிவிடும், அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரியலாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போதும். 5 கிலோ நாய்க்கு வெறும் அரை கிராம். கிலோவுக்கு அரை கிராம் என்ற அளவை நெருங்கினால் கல்லீரலே செயலிழக்கக்கூடும்.

சரி, நாய் தின்றேவிட்டது. ஆரோக்கியமான நாய் சாதா மார்ஜரினை ஓரிரு நக்கு நக்கியிருந்தால் தண்ணீர் வைத்துவிட்டு விடுங்கள். மாத்திரையை மறைத்துக் கொடுக்கப் பட்டாணி அளவு எடுப்பதிலும் தவறில்லை, கணையத் தொல்லை உள்ள நாயாக இல்லாதவரை. டப்பாவையே காலி செய்திருந்தால் நாயின் எடை, தின்ற அளவு, லேபிளில் உள்ள பொருள்கள் மூன்றையும் மருத்துவரிடம் போனில் சொல்லுங்கள். மூடியோ உள்தாளோ காணாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள், குடலில் அடைத்துக்கொள்ளலாம். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நாயைக் கொன்றுவிடலாம். கணைய அழற்சி வர ஓரிரண்டு நாள்கூட ஆகும் என்பதால் அதுவரை ஒரு கண் வைத்திருங்கள். லேபிளில் சைலிடால் இருந்தால் மட்டும் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.