குண்டு கனமானால் உதை குறையுமா?

டெக்சாஸில் ரீலோடிங் வகுப்பு எடுக்கிறேன், அதாவது சுட்ட உறையில் மறுபடி பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), பவுடர், குண்டு வைத்துத் தோட்டா அடைப்பது. போன மாதம் ஒருவர் டப்பா நிறைய, தானே அடைத்த 9 மி.மீ. தோட்டாக்களோடு வந்தார். "147 கிரெயினுக்கு மாறிட்டேன் சார், உதை கம்மியாகும்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா 115ஐ விட மோசமா அடிக்குது" என்றார். (கிரெயின் என்பது குண்டின் எடை அலகு, 115, 147 எல்லாம் அந்தக் கணக்கு. உதை என்பது சுடும்போது துப்பாக்கி பின்னால் அடிப்பது.) பவுடர் எவ்வளவு என்று கேட்டேன். "அதை மாத்தலையே, 115க்குப் போட்ட அதே அளவுதான்." சுட்டுப் பார்த்த ஐந்து உறைகளைக் காட்டினார். பிரைமர்கள் ஓரம் வரை தட்டையாக நசுங்கியிருந்தன, உள்ளே அழுத்தம் கூடிப்போனதன் அடையாளம். டப்பாவை வாங்கி என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

அவர் கேள்விப்பட்டது பொய் இல்லை, பாதி உண்மை. இங்கே யுஎஸ்பிஎஸ்ஏ என்ற துப்பாக்கி சுடும் சங்கத்தின் போட்டிகளில் பவர் ஃபேக்டர் என்று ஒரு கணக்கு உண்டு. குண்டின் எடையை கிரெயினில் எடுத்து, நொடிக்கு எத்தனை அடி வேகம் என்பதோடு பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மைனர் பிரிவுக்கு 125 வந்தாக வேண்டும், வராவிட்டால் அன்றைக்கு எவ்வளவு நன்றாகச் சுட்டிருந்தாலும் மதிப்பெண் கிடையாது. இந்த 125ஐத் தொட 115 கிரெயின் குண்டு சுமார் 1,087 அடி வேகத்தில் ஓட வேண்டும், 147க்கு 851 அடியே போதும். வேகம் குறைவு என்றால், அதே வகை பவுடரில் அளவும் குறைவு. பவுடர் எரிந்து வரும் வாயுவும் குழலை விட்டுப் பாயும்போது துப்பாக்கியைப் பின்னால் தள்ளத்தான் செய்கிறது, அதுவும் குண்டைவிட வேகமாகப் பாய்கிறது. ஆக, அந்தப் பங்கு குறைகிறது. சுள்ளென்று அறைவது போய் மெதுவாகத் தள்ளுவது போல இருக்கும். (காம்பென்சேட்டர், அதாவது வாயுவை மேலே திருப்பிக் குழல் நிமிராமல் பிடிக்கும் பாகம், மாட்டிய துப்பாக்கிக்காரர்கள் இதற்கு நேர் எதிர். அவர்களுக்கு வாயு நிறைய வேண்டும், அதனால் லேசான குண்டைத் தேடுவார்கள்.)

அதாவது வேகத்தையும் சேர்த்துக் குறைத்தால்தான் இந்த லாபம். கடையில் வாங்கும் 147 பலவும் 950 அடிக்கு மேல் ஓடும். பெருக்கிப் பாருங்கள், 140ஐத் தொடுகிறது. 1,150 அடியில் ஓடும் 115க்கு வருவது 132தான். எடையை மட்டும் பார்த்து வாங்கினால் உதை கூடவும் செய்யலாம்.

நம்மவர் விஷயம் அதைவிட மோசம். 147 குண்டு நீளமானது, உறைக்குள் ஆழமாக இறங்கி பவுடர் எரியும் இடத்தை அடைத்துக்கொள்ளும். 9 மி.மீ. உறை ஏற்கெனவே குட்டி. இடம் குறைந்து, தள்ள வேண்டிய எடையும் கூடினால் அழுத்தம் எகிறும். எஸ்ஏஏஎம்ஐ (அமெரிக்காவில் தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) 9 மி.மீ.க்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 35,000 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு அழுத்தம். அவருடைய தோட்டா எங்கே நின்றது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை, அந்தப் பிரைமர்களே போதும். குண்டை மாற்றினால் பவுடர் நிறுவனத்தின் கையேட்டில் அந்தக் குண்டுக்கான பக்கத்தைத் திறந்து, ஆரம்ப அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இதில் குறுக்கு வழி இல்லை. மென்மையாக வேண்டும் என்று கையேட்டுக்குக் கீழே போவதும் ஆபத்துதான். குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

அப்புறம் குறி. கனமான குண்டு தாழ்வாகப் படும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கைத்துப்பாக்கியில், கிட்டத்துத் தூரத்தில், பெரும்பாலும் மேலே படும். மெதுவாகப் போகிற குண்டு குழலுக்குள் கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கிறது, அது வெளியேறுவதற்குள் உதையில் குழல் வாய் கூடுதலாக நிமிர்ந்துவிடுகிறது. இது துல்லியக் குறைவு இல்லை, படும் இடம்தான் மாறுகிறது, சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) திருத்தினால் சரியாகிவிடும். குண்டுகள் சிதறிப் பட்டாலோ, காகிதத்தில் வட்டத்துக்குப் பதில் நீளவாக்கில் கிழிந்தாலோ அது வேறு நோய். என் மேஜைக்கு வருவதில் அடிக்கடி பார்ப்பது, மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டும் உள்ள குண்டை கிரிம்ப் டையில் (உறையின் வாயைக் குண்டின் மேல் இறுக்கும் கருவி) இறுக்கி நெரித்துப் பூச்சையே வெட்டிவிடுவது. குற்றம் டையை இறுக்கிய கையில் இருக்க, பழி எடை மேல் விழுகிறது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கே முயல வேண்டாம்.

அந்த டப்பாவில் இருந்த இருநூற்றுச் சொச்சம் தோட்டாக்களையும் சுத்தியல் புல்லரில் (உறையிலிருந்து குண்டைக் கழற்றும் சுத்தியல்) தட்டித் தட்டி அவரையே பிரிக்கச் சொன்னேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று, கைவலி வேறு. இரண்டு வாரம் கழித்து ஆரம்ப அளவில் பத்தே பத்து அடைத்துக்கொண்டு வந்தார். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் 880 அடியைச் சுற்றிக் காட்டியது. "இப்பதான் சார் தள்ளுது" என்றவர், குறிக்கு மேலே இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டிருந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு சைட் திருகைத் தேட ஆரம்பித்தார்.