அழியாத நீலத்தை அழித்த சாயப்பட்டறைப் பையன்

பள்ளிக்கூடத்தில் இங்க் பேனாவால் தப்பாக எழுதிவிட்டு ரப்பரால் தேய்த்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று தெரியும். நீலம் போகாது, காகிதம்தான் போகும். எச்சில் தொட்டுத் தேய்த்தால் ஓட்டையே விழும். ஓட்டை விழாமல் தப்பினாலும், அதே இடத்தில் மறுபடி எழுதும்போது மை ஊறிப் பூப்பூவாகப் பரவும். வாத்தியார் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

ஜெர்மன் பிடியில் இருந்த பாரிஸில் இதே சிக்கல் பல ஆயிரம் பேருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் படை நகருக்குள் நுழைந்தது. கடிகாரங்கள் பெர்லின் நேரத்துக்கு மாறின. தெருமுனைகளில் ஜெர்மன் மொழிப் பலகைகள் முளைத்தன. பெட்ரோல் இல்லாததால் சைக்கிள் இழுக்கும் டாக்ஸிகள் ஓடின. ரொட்டியும் ரேஷனுக்குப் போனது. வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு முதலில் 350 கிராம், 1941-லேயே 275 கிராம். ரேஷன் அட்டை இல்லையென்றால் அதுவும் கிடையாது. அட்டை வாங்க அடையாளச் சான்று வேண்டும். ஆக, காகிதம் இல்லாதவர் ஒளிந்திருக்கலாம், ஆனால் சாப்பிட முடியாது. கள்ளச் சந்தை இருந்தது, பணம் இருந்தவர்களுக்கு.

அதே காகிதம்தான் யூதர்களைக் காட்டியும் கொடுத்தது. 1940 அக்டோபரில் காவல் நிலையங்களுக்கு வந்து பதிவு செய்யச் சொன்னார்கள். சட்டத்தை மதித்துப் பழகிய ஜனங்கள். பாரிஸிலும் சுற்றுப்பகுதியிலுமாக ஏறக்குறைய 1,50,000 பேர் போய்ப் பெயர் கொடுத்தார்கள். அடையாள அட்டையில் சிவப்பு எழுத்தில் ‘யூதர்’ என்று முத்திரை விழுந்தது. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பிரெஞ்சுப் போலீஸார் அந்தப் பதிவேட்டு அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். இரண்டு நாளில் 13,000 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். அதில் 4,000-க்கும் அதிகமானோர் குழந்தைகள்.

ஜெர்மானியரை ரகசியமாக எதிர்த்த எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர்கள் இதற்குக் கண்ட வழி எளியது. உண்மையான அட்டையில் பெயரையும் ஊரையும் மட்டும் அழித்துவிட்டு வேறு எழுதிவிட்டால் போதும். அச்சும் முத்திரையும் அசல் என்பதால் சந்தேகம் வராது. இடையில் நின்றது மை. வாட்டர்மேன் கம்பெனியின் நீல மை, அழியாத மை என்று பெயர் வாங்கியது. என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள், அசைந்து கொடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் அடோல்ஃபோ கமின்ஸ்கி வருகிறார். 1925-ல் புவெனஸ் அயர்ஸில், ரஷ்ய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் பிரான்ஸுக்கு வந்து, பிறகு நார்மண்டியில் வீர் என்ற சிற்றூரில் குடியேறியது. 1943-ல் குடும்பத்தோடு பிடித்து, பாரிஸுக்கு வெளியே இருந்த திரான்சி முகாமில் அடைத்தார்கள். அர்ஜென்டினா குடியுரிமை இருந்ததால் அங்கிருந்து வெளியே வர முடிந்தது. திரான்சியிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. வெளியே வந்ததும் தலைமறைவாவதற்குப் போலிக் காகிதம் தேடி எதிர்ப்பியக்கத்து ஆளைச் சந்தித்தார். வந்தவர் வழக்கப்படி தொழில் என்ன என்று கேட்டார். சாயத் தொழிலாளி என்றார் பையன். அப்படியானால் மைக்கறை எடுக்கத் தெரியுமா? தெரியும். வாட்டர்மேன் நீலம் கூடவா? லாக்டிக் அமிலம் போட்டுப் பாருங்கள் என்றார் கமின்ஸ்கி. போட்டார்கள், போய்விட்டது. அவருக்கு அப்போது 18 வயது.

இந்தப் பதில் அவருக்கு வந்தது பாதி சாயப்பட்டறையிலிருந்து, பாதி வெண்ணெய்ப் பண்ணையிலிருந்து. வீரில் சாயப்பட்டறை வேலை. எந்தத் துணியில் எந்தக் கறையை எது எடுக்கும் என்பது அங்கே கை பழகிய வித்தை. அது போக, ஒரு பால் பண்ணை வேதியியலாளரிடமும் கொஞ்சகாலம் எடுபிடியாக இருந்தார். விவசாயிகள் கொண்டுவரும் க்ரீமில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சொட்டி, நீலம் எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று அங்கே பார்ப்பார்கள். நம் ஊர்ப் பால் பண்ணைகளிலும் எம்.பி.ஆர்.டி. என்ற பெயரில் இதே சோதனை உண்டு. பாலில் கிருமி அதிகம் என்றால் நீலம் சீக்கிரம் வெளுக்கும். நல்ல பால் மணிக்கணக்கில் நீலமாகவே நிற்கும். வண்ண மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் விடும் நீலச் சொட்டு மருந்தும் இந்தச் சாயம்தான். வாட்டர்மேன் மையில் இருந்ததும் இதே நீலம்தான் என்பது கமின்ஸ்கியின் கணக்கு.

சரி, நீலம் எங்கே போகிறது? எங்கேயும் போவதில்லை. மெத்திலீன் நீல மூலக்கூறை ஒரே வரிசையில் அமைந்த மூன்று அறைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். நடு அறையில் ஒரு பக்கம் நைட்ரஜன், எதிர்ப்பக்கம் கந்தகம். கதவுகள் எல்லாம் திறந்திருப்பதால் சில எலக்ட்ரான்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தாராளமாக ஓடும். ஓட இடம் பெரிதாக இருக்கும் எலக்ட்ரானை அசைக்கக் குறைந்த ஆற்றல் கொண்ட சிவப்பு ஒளியே போதும். ஆகவே சாயம் சிவப்பை விழுங்கிவிடுகிறது, மிச்சம் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. இப்போது யாராவது இரண்டு எலக்ட்ரானும் ஒரு ஹைட்ரஜனும் கொண்டுவந்து நடு நைட்ரஜனிடம் கொடுத்தால் நடுக்கதவு சாத்திக்கொள்ளும். எலக்ட்ரான்கள் இந்தப் பக்கத்து அறையிலும் அந்தப் பக்கத்து அறையிலுமாக அடைபட்டுவிடும். சின்ன இடத்தில் இருப்பதை அசைக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டும். அதைத் தருவது நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எதையும் விழுங்காத பொருள் நிறமில்லாமல் இருக்கும். மூலக்கூறு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது, நிறம் மட்டும் இல்லை.

எலக்ட்ரானைக் கொடுக்கும் ஆசாமியைத்தான் வேதியியலில் ஒடுக்கி என்கிறோம். பால் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் தன்னிடமிருந்து இரண்டு ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்துப் பைருவிக் அமிலமாக மாறக்கூடியது. பாலுக்குள் இந்தக் கைமாற்றத்தைப் பாக்டீரியாவின் நொதிகள் விரைவுபடுத்துகின்றன. அங்கே நீலம் வெளுப்பதில் பெரும்பங்கு கிருமிகளுக்குத்தான். பையன் அதிலிருந்து பிடித்துக்கொண்டது அமிலத்தை. சூத்திரமெல்லாம் பார்க்காமல், பார்த்த ஒன்றை இன்னோர் இடத்தில் பொருத்திப் பார்க்கும் பட்டறைப் புத்தி இது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமும் இதுவே.

மற்றவர்கள் தோற்றதற்கும் காரணம் இருக்கிறது. பழைய காலத்து அலுவலக மை இரும்பும் டானினும் சேர்ந்தது. நம் ஆட்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சியதும் இதே கணக்குதான். இரும்பைக் கவ்விக் கரைக்கும் ஆக்ஸாலிக் அமிலம் போட்டால் அந்த மை போய்விடும். இரும்பே இல்லாத சாய மையிடம் இந்த வித்தை செல்லாது. குளோரின் வெளுப்பான் பெரும்பாலான சாயங்களை உடைக்கும், ஆனால் காகிதத்தையும் சேர்த்து உடைக்கும். எழுதும் காகிதத்தில் மை ஊறாமலிருக்க ஜெலட்டின் அல்லது ரோசின் பசை ஏற்றியிருப்பார்கள். வெளுப்பான் பட்ட இடத்தில் அந்தப் பசை போய், நார் பிரிந்து, பழைய வாத்தியார் கதை ஆகிவிடும். அட்டையைத் திருப்பிப் பார்க்கும் சிப்பாய்க்கு அந்தச் சொரசொரப்பு விரலிலேயே தெரியும். மை போவதைவிடக் காகிதம் பிழைப்பது முக்கியம். மென்மையான அமிலத்தின் அருமை அங்கேதான்.

அழிப்பதோடு வேலை முடியவில்லை. ரூ தே சேன் பேர் தெருவில் 17-ஆம் எண் கட்டடத்தின் மாடி அறைதான் பட்டறை. ரசாயன நெடிக்குக் காரணம் சொல்ல வேண்டுமே. உள்ளே இருப்பவர்கள் ஓவியர்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தார்கள். தேவை பெருகப் பெருக, இருக்கும் அட்டையைத் திருத்துவது போய்ப் புதிதாகவே அச்சடிக்கும் நிலை வந்தது. அதற்கு ஒளி அச்சு முறை. ஒளி பட்டால் இறுகும் பசையை உலோகத் தகட்டில் தடவி, அசலின் படத்தை அதன்மேல் ஒளியால் விழவைப்பார்கள். ஒளி படாத இடத்துப் பசை நீரில் கரைந்துவிடும். திறந்துகிடக்கும் உலோகத்தை அமிலம் அரிக்கும். பசை ஒரே கனத்தில் பரவினால்தான் எழுத்து சுத்தமாக விழும். அதற்கு வேண்டிய சுழல் கருவி கடையில் கிடைக்கவா போகிறது? கமின்ஸ்கி ஒரு சைக்கிள் சக்கரத்தை அதற்காக மாற்றி அமைத்தார். தகடு சுழலும்போது கூடுதல் பசை விளிம்புக்கு ஓடிவிடும்.

ஒருமுறை குழந்தைகள் இல்லங்களிலிருந்து 300 குழந்தைகளைப் பிடிக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. ரேஷன் அட்டை, பிறப்புச் சான்று, ஞானஸ்நானச் சான்று என்று மொத்தம் 900 காகிதங்கள், மூன்று நாள் கெடு. மணிக்கு 30 காகிதம் செய்ய முடிகிறது, ஒரு மணி நேரம் தூங்கினால் 30 பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கண் மூடாமல் உட்கார்ந்தார். கடைசியில் மயங்கி விழுந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் குழுவின் காகிதங்களால் பிழைத்தவர்கள் சுமார் 14,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இந்த வேலைக்கு அவர் ஒரு காசு வாங்கியதில்லை. நுணுக்க வேலையில் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார்.

ஆனால் எல்லா ஊரிலும் அமிலம் போதாது. நெதர்லாந்தின் அடையாள அட்டையை வடிவமைத்த யாக்கோப் லென்ட்ஸ் என்ற அதிகாரி தன் வேலையில் ரொம்பவே கெட்டிக்காரர். நீர்க்குறியிட்ட காகிதம், புகைப்படம், கைரேகை, குவார்ட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியில் காட்டிக்கொடுக்கும் மை. அதைவிட மோசம், அட்டையில் உள்ளதெல்லாம் அலுவலகப் பதிவேட்டிலும் இருந்தது. கையில் இருப்பதைத் திருத்தலாம், அலமாரியில் இருப்பதை என்ன செய்வது? 1943 மார்ச் 27 இரவு, ஓவியர் வில்லெம் அரொன்டேயஸும் தோழர்களும் போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். நெருக்கி அடுக்கிய காகிதம் லேசில் எரியாது, இடையில் காற்றுப் புகாது. அதனால் இழுப்பறைகளைத் தரையில் கொட்டி, பென்ஸீன் ஊற்றிக் கொளுத்தினார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே மெதுவாக வந்து, தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ச்சினார்கள். எரியாததை நீர் கெடுத்தது. அப்படியும் அழிந்தது ஒரு பங்குதான். அரொன்டேயஸ் உட்பட 12 பேரை ஜூலை 1-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள்.

பாரிஸ் 1944 ஆகஸ்ட் 25 அன்று விடுதலையானது. கமின்ஸ்கி 2023 ஜனவரியில், 97 வயதில், அதே நகரில் காலமானார்.

விடுதலைக்குச் சில மாதம் முன்பு மெட்ரோ ரயிலில் அவரைச் சோதனைக்காரர்கள் நிறுத்தினார்கள். தோளில் தொங்கிய பையில் எழுதப்படாத அடையாள அட்டைகள், பேனா, மை, முத்திரை எல்லாம் இருந்தன. என்ன இருக்கிறது என்று கேட்டதற்குச் சாப்பாடு என்றார். மேலாக ரொட்டி இருக்கத்தான் செய்தது. பிறகு அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். பெயர் ஜூலியன் கெல்லர் என்று இருந்தது. தொழில் என்ற இடத்தில் சாயத் தொழிலாளி. அதை மட்டும் அவர் மாற்றவில்லை.