கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குப் பிளஸ் டூவுக்குப் பின்: சான்றிதழ், தேர்வுச் சலுகை, 5% ஒதுக்கீடு

பள்ளித் தேர்வுகளில் கூடுதல் நேரமும், விடையைச் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதித்தரும் 'எழுதுபவரும்' கிடைத்த மாணவருக்கு, நுழைவுத் தேர்வில் இரண்டுமே மறுக்கப்படுவது உண்டு. காரணம் அநேகமாகக் காகிதம்தான். ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற உளவியலாளர் தரும் சான்றையும் சி.பி.எஸ்.இ. ஏற்றுக்கொள்ளும். ஜே.இ.இ., நீட் போன்ற தேர்வுகள் அரசு மருத்துவ அதிகாரியின் சான்றைத்தான் கேட்கும். பத்தாம் வகுப்பில் செல்லுபடியான தாள் பன்னிரண்டில் பயன்படாமல் போவது இப்படித்தான். எனவே மேற்படிப்புத் திட்டமிடலை ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழிலிருந்து தொடங்குங்கள்.

சட்டத்தில் யார் வருகிறார்கள்?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் இல்லாத 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' இதிலுள்ள 21 வகைகளில் ஒன்று. டிஸ்லெக்சியா (வாசிப்பு), டிஸ்கிராஃபியா (எழுத்து), டிஸ்கால்குலியா (கணக்கு), டிஸ்பிராக்சியா (உடல் அசைவுகளை ஒருங்கிணைத்தல்) ஆகியவை இதில் அடங்கும். ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு இந்தப் பட்டியலில் தனியாக இல்லை. கவனக்குறைவோடு வாசிப்புச் சிக்கலும் இருந்தால் அந்த வாசிப்புச் சிக்கலுக்குத்தான் சான்று கிடைக்கும். 'மெதுவாகக் கற்பவர்' என்று பள்ளி எழுதிக் கொடுக்கும் குறிப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. பல பெற்றோர் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டே இரண்டு மூன்று ஆண்டுகளை இழந்துவிடுகிறார்கள். வருத்தமான விஷயம் இது.

சான்றிதழும் 18 வயதுச் சிக்கலும்

அரசு மருத்துவமனையில் முதலில் குழந்தைநல மருத்துவர் பார்வை, செவித்திறன், நரம்பியல் பரிசோதனைகளைச் செய்வார். கண்ணாடி போட வேண்டிய பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இது முதல் படி. அடுத்து மருத்துவ உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை நடத்துவார். அதன் பிறகுதான் வாசிப்பு, எழுத்து, கணக்குத் திறனை அளக்கும் சோதனை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பே இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகங்கள், பழைய விடைத்தாள்கள், பள்ளி ஆசிரியரின் குறிப்பு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதியதும் சொல்லக் கேட்டு எழுதியதும் ஒரே நோட்டில் இருந்தால், சிக்கல் எங்கே என்று மருத்துவருக்கு விரைவில் புரிந்துவிடும்.

2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி 8 வயது முதல் சான்று பெறலாம். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு. 18-இல் பெறுவது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். வழிகாட்டுதல் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டதால், உங்கள் சான்றில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையே கணக்கில் கொள்ளுங்கள். அந்தத் தேதி பெரும்பாலும் பிளஸ் டூ பொதுத் தேர்வு, நுழைவுத் தேர்வு, கலந்தாய்வு மூன்றும் நெருக்கியடிக்கும் மாதங்களில்தான் வந்து விழும். விண்ணப்பிக்கும்போது செல்லுபடியாக இருந்த சான்று கலந்தாய்வு நாளில் காலாவதியாகி இருந்தால் சரிபார்ப்பில் சிக்கல் வரும். பதினொன்றாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வு முடிந்ததுமே மருத்துவமனையில் மறுமதிப்பீட்டுத் தேதியை விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றோடு யூ.டி.ஐ.டி. எனும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், கையெழுத்து தேவை. 2024 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டபோது, சான்று வழங்குவதற்கான கால வரம்பு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக உயர்ந்துவிட்டது. அதற்குத் தக்கபடி முன்னதாகவே விண்ணப்பியுங்கள். நம் ஊரில் அடிக்கடி தடுக்குவது முதலெழுத்து. ஆதாரில் 'கார்த்திக் ச' என்றும் மதிப்பெண் பட்டியலில் 'ச கார்த்திக்' என்றும் இருந்தால், யூ.டி.ஐ.டி.க்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள்.

ஒதுக்கீடு வேறு, சலுகை வேறு

40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருந்தால்தான் ஒதுக்கீடு. அதற்குக் குறைவாக இருந்தால் ஒன்றுமே கிடைக்காது என்று சொல்லி அனுப்பிவிடும் அலுவலகங்கள் உண்டு. அது தவறு. எழுதச் சிரமம் உள்ளவருக்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதுபவரை அனுமதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்ட்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது.

கூடுதல் நேரம் ஒரு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். எழுதுபவருக்குத் தகுதி பெற்ற மாணவர் தானே எழுதினாலும் இந்த நேரம் அவருக்கு உண்டு. டிஸ்லெக்சியா உள்ள சிலருக்கு எழுதுபவரைவிட, கேள்வியை நிதானமாக இரண்டு முறை படிக்கும் நேரம்தான் உதவும். எது பொருந்துகிறது என்று பள்ளித் தேர்வுகளிலேயே பார்த்துவிடுங்கள். நீட் தேர்வில் ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களை நிரப்ப வேண்டும். வரி தாவிப் படிக்கும் மாணவர், 47-ஆம் கேள்விக்கான விடையை 48-க்கு நேரே நிரப்பிவிட்டால் அடுத்தடுத்து எல்லாமே தவறும். ஜே.இ.இ. மெயின் கணினியில் நடப்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

யூ.டி.ஐ.டி. அட்டை மட்டும் இருந்தால் எழுதுபவர் கிடைக்கமாட்டார். எழுதுவதில் வரம்பு இருக்கிறது, எழுதுபவர் அவசியம் என்று அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அதிகாரியோ தனிப் படிவத்தில் சான்றளிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் உடல் ரீதியான வரம்பு என்ற சொல் இருப்பதால், 'கை நன்றாகத்தானே இருக்கிறது' என்று மருத்துவர் தயங்கலாம். பொதுத் தேர்வில் எழுதுபவரை அனுமதித்த ஆணையின் நகலைக் காட்டுங்கள். படிவத்தைத் தேர்வு அறிவிக்கையிலிருந்தே அச்செடுங்கள், தேர்வுக்குத் தேர்வு வாசகம் மாறும். எழுதுபவரின் கல்வித் தகுதி மாணவரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எவ்வளவு குறைவு என்பதும் அறிவிக்கையில் இருக்கும்.

இணைய விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி, குறைபாட்டின் வகை, எழுதுபவர் தேவையா ஆகிய மூன்று கட்டங்களையும் நிரப்புங்கள். விட்டுப்போனால் திருத்தத்துக்குத் தரும் சில நாட்களுக்குப் பிறகு வழியில்லை. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்குக் கூடுதல் நேரம் தரப்படவில்லை. அது தவறு என்று அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் மறுதேர்வு கிடைக்கவில்லை. எனவே அனுமதிச் சீட்டு வந்த அன்றே சலுகைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே மின்னஞ்சல் அனுப்பி, பதிலின் அச்சுப் பிரதியைத் தேர்வு மையத்துக்குக் கொண்டு போங்கள்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பொதுத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு. தலைமை ஆசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும்.

கல்லூரி இடம்

சட்டத்தின் 32-ஆம் பிரிவு அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடங்களையும், சேர்க்கைக்கு ஐந்தாண்டு வயதுத் தளர்வையும் தருகிறது. உதவி பெறாத தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் இதைக் கேட்க முடியாது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பிரிவு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடக்கும். பொதுச் சுற்றுக்கான தேதியை மட்டும் குறித்து வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதி ஐ.ஐ.டி.யில் சேரப் பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும் என்ற நிபந்தனை மாற்றுத்திறனாளிகளுக்கு 65.

எந்தப் படிப்பு?

இங்கேதான் நல்ல ஆலோசகர் தேவை. படிப்பின் பெயரைவிட்டு, முதல் இரண்டு ஆண்டின் பாடத் தாள்களைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் பட்டப் படிப்புகளில் பகுதி ஒன்றில் தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி இரண்டில் ஆங்கிலம் என்று பல பருவங்களுக்கு மொழித் தாள்கள் வரும். பள்ளியில் வாங்கிய மொழி விலக்கு கல்லூரியில் தானாகத் தொடராது. சட்டத்தின் 17-ஆம் பிரிவு இரண்டாம், மூன்றாம் மொழி விலக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதால், சேரும்போதே கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கணக்கைத் தவிர்க்க உளவியல் எடுக்கிறேன் என்பவருக்குப் புள்ளியியல் தாள் காத்திருக்கும். பதினொன்றில் கணிதத்தை விடுவதென்றால் பொறியியல் கதவும் மூடிவிடும் என்று தெரிந்தே விடுங்கள்.

வழக்கமான பள்ளி ஒத்துவராதவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு. ஒரு மொழியைச் சேர்த்து ஐந்து பாடம். ஐந்தாண்டுக்குள் ஒன்பது முறை தேர்வெழுதலாம், ஒவ்வொரு பாடமாகவும் முடிக்கலாம். செய்முறையில் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ நல்ல வழி. அதைத் தோற்றவருக்கான பாதை என்று ஒதுக்காதீர்கள். டிப்ளமோ முடித்தால் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

அரசு வேலை மனதில் இருந்தால், 34-ஆம் பிரிவின் 4 சதவீதத்தில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பணியிடம் எந்தக் குறைபாட்டுக்கு உகந்தது என்ற மத்திய அரசின் பட்டியல் 2021 ஜனவரியில் வந்தது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதைப் பார்ப்பது நல்லது.

பதினொன்றாம் வகுப்பு முதல் முதுகலை வரை மத்திய அரசின் கல்வி உதவித்தொகை தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாகக் கிடைக்கிறது. 40 சதவீதக் குறைபாடும், ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்ப வருமானமும் நிபந்தனை.

கல்லூரி சலுகையை மறுத்தால் முதலில் அங்குள்ள சம வாய்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும், மத்திய நிறுவனம் என்றால் தலைமை ஆணையருக்கும் மனு அனுப்பலாம். மனுவோடு சான்றிதழ், யூ.டி.ஐ.டி., முத்திரையிட்ட நகல், தேர்வு அட்டவணை நான்கையும் இணையுங்கள். தேர்வுத் தேதியை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.