ஐந்து மாடி, லிப்ட் கிடையாது

வீட்டு வாடகை பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சோவியத் காலத்து அடுக்குமாடிப் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறார். சாம்பல் நிறத்தில் வரிசையாகக் கட்டடங்கள், கீழே "நம்ம ஊர்லயும் இப்படிக் கட்டினா பிரச்சினை முடிஞ்சது" என்று ஒரு வரி. உடனே இன்னொருவர் "இதுல மனுஷன் இருப்பானா, கோழிக்கூண்டு" என்பார். எண்பதுகளின் கடைசியில் மாஸ்கோவில் சிவில் படித்தவன் நான், இப்போது சென்னையில் பழைய அபார்ட்மென்ட்களுக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கும் வேலை, செய்கிறேன். அந்தப் படத்தில் தெரியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இது.

முதலில் கோழிக்கூண்டு என்பவருக்கு. எங்கள் ஆசிரியை ஒருவர் அப்படிப்பட்ட வீட்டில்தான் இருந்தார். ஐந்தாவது மாடி. ஆறு சதுர மீட்டர்கூடத் தேறாத சமையலறை, நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசற்படியில் நிற்க வேண்டியதுதான். ஜன்னலுக்கு அடியில் ஒரு சின்ன அலமாரி. அதன் பின்பக்கச் சுவரை வேண்டுமென்றே மெலிதாக விட்டிருந்தார்கள். வெளியே உறைபனி, உள்ளே பாலும் வெண்ணெயும் கெடாமல் இருக்கும். குளிர்காலத்துக்கு மட்டுமான பிரிட்ஜ். நான் சிரித்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அதற்கு முன் ஏழு குடும்பத்துக்கு ஒரே சமையலறை, சூப்பை அடுப்பில் வைத்தால் இறக்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும், இந்த வீட்டுக்கு வந்த அன்றுதான் அம்மா சூப்பை வைத்துவிட்டு அறைக்குப் போய் உட்கார்ந்தார் என்றார். அப்புறம் நான் கூண்டு என்று சொன்னதே இல்லை.

கதை 1954 டிசம்பரில் தொடங்குகிறது. கட்டுமானத் துறையினர் மாநாட்டில் சோவியத் தலைவர் குருஷ்சேவ், தூண்களுக்கும் கோபுரங்களுக்கும் காசைக் கரைத்த கட்டடக் கலைஞர்களை மேடையிலேயே போட்டுக் காய்ச்சினார். அடுத்த ஆண்டு அலங்காரத்துக்குத் தடை, 1957 ஜூலையில் வீட்டுத் தட்டுப்பாட்டைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒழிப்பதாகத் தீர்மானம். கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டும் பேனல் நுட்பத்தில் ஒரு பகுதி பிரான்சிலிருந்து போனது, ரேமோன் காமு என்ற பொறியாளருடையது. விட்டாலி லகுதெங்கோ வடிவமைத்த கே-7 வகைக் கட்டடத்தின் சுவரும் தளமும் ஆலையிலேயே வார்க்கப்பட்டு லாரியில் வந்தன. கிரேன் வைத்துச் சுமார் இரண்டு வாரத்தில் ஐந்து மாடியையும் நிறுத்திவிட்டார்கள். ஏன் ஐந்து? அதற்கு மேல் போனால் லிப்ட் வைத்தாக வேண்டும் என்பது விதி. கூரை உயரம் இரண்டரை மீட்டர், குளியலும் கழிப்பறையும் ஒன்று. இப்படி ஒவ்வொன்றிலும் கிள்ளிக் கிள்ளி மிச்சம் பிடித்து, 1956-ல் சுமார் 64 கோடி சதுர மீட்டராக இருந்த நாட்டின் வீட்டுப் பரப்பை ஏழெட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்கள். இதைச் சாதாரணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, இப்போது முதலாமவருக்கு. பேனல் கட்டடத்தில் பேனல் அவ்வளவு லேசில் கெடாது, கெடுவது அதன் இணைப்பு. சீட்டுக்கட்டு வீடு மாதிரி நிறுத்திய கான்கிரீட் பலகைகளை, ஓரங்களில் புதைத்த இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்து பிடித்து, மேலே காரை அடைத்து மூடுவார்கள். மூடியபிறகு வெல்டிங் எப்படி இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. மாதக் கடைசியில் அரசு வைத்த இலக்கை முடிக்கும் அவசரத்தில், விரல் விறைக்கும் குளிரில், அன்றைய நாற்பதாவது தகட்டை ஒருவன் எப்படிப் பற்றவைத்திருப்பான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கினால் தகடு துருப்பிடிக்கும், துரு ஊதும், காரை தள்ளும். மாஸ்கோவில் இன்றும் கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் பேனல் இடுக்குகளில் மாஸ்டிக் என்ற அடைப்புப் பசையைப் பூசுவதைப் பார்க்கலாம். சில கட்டடங்களில் ஒரே ஒரு வீட்டைச் சுற்றி மட்டும் கறுப்புக் கட்டம் கட்டியது போல இருக்கும். அந்த வீட்டுக்காரர் தன் இடுக்குக்கு மட்டும் காசு கொடுத்திருக்கிறார்!

இதே பேனல் முறை லண்டனில் என்ன செய்தது என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் பாடம். 1968 மே 16, ரோனன் பாயிண்ட், 22 மாடி. பதினெட்டாவது மாடி வீட்டில் கேஸ் கசிந்து வெடித்தது. பெரிய வெடிப்புகூட இல்லை. ஒரு சுவர் வெளியே விழ, அதன்மேல் நின்றவை பிடிமானம் இல்லாமல் இறங்க, அந்த எடையில் கீழே இருந்தவையும் போக, கட்டடத்தின் ஒரு மூலை முழுக்கச் சரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். 1986-ல் மாடி மாடியாகப் பிரித்தபோது, கான்கிரீட் நிரப்பியிருக்க வேண்டிய சில இணைப்புகளில் செய்தித்தாளைத் திணித்திருந்தது தெரிந்தது.

ஆனால் "பேனல் என்றாலே ஆபத்து" என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தபோது லெனினாகன் நகரில் தூணும் உத்தரமும் தாங்கும் ஒன்பது மாடி ஃப்ரேம் கட்டடங்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. அதே ஊரில் பெரிய பேனல் கட்டடங்கள் நின்றன. சுவர்கள் நெருக்கமாக இருந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டதே காரணம். 1995 மே மாதம் சகாலின் தீவின் நெஃப்டெகோர்ஸ்க்கில் நேர்மாறு. அங்கே இருந்தவை பேனல் இல்லை, பெரிய பிளாக்குகளை அடுக்கிக் கட்டியவை, அவ்வளவு பெரிய நிலநடுக்கத்தை எதிர்பார்த்து வடிவமைத்தவையும் இல்லை. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் 17 ஐந்து மாடிக் கட்டடங்கள் நொறுங்கின, சுமார் 2,000 பேர் செத்தார்கள். வெளியிலிருந்து படம் எடுத்தால் இவை எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

இன்னொன்று பராமரிப்பு. கே-7 போன்ற ஆரம்பகால வகைகளைத் தற்காலிகம் என்று நினைத்துத்தான் கட்டினார்கள், பிறகு கம்யூனிசம் வந்து எல்லாருக்கும் நல்ல வீடு கிடைக்கும் என்று கணக்கு. அது வரவில்லை, ஜனங்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். 1991-க்குப் பிறகு வீடுகள் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாயின. நாலு சுவருக்கு உள்ளே என்னுடையது, சரி, மொட்டை மாடியும் குழாயும் இடுக்கும் யாருடையது? 2017-ல் மாஸ்கோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை இடித்து மாற்று வீடு தரும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, இடிக்காதே என்றும் ஒரு பெரிய கூட்டம் தெருவுக்கு வந்தது. மரங்கள் வளர்ந்து நிழல் தரும் முற்றம், நடக்கிற தூரத்தில் பள்ளியும் கடையும் இருக்கும் இடத்தை யார் விடுவார்கள்? சென்னையில் குடிசைவாசிகளை மாற்றிக் குடியமர்த்திய கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் இதோடு ஒப்பிடுகிறவர்கள் மாடி எண்ணிக்கையை விட்டுவிட்டு, அங்கிருந்து வேலைக்குப் போக எத்தனை பஸ் மாற வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் ஊரில் பேனல் கட்டடம் குறைவு. ஆனால் அலுமினிய சென்ட்ரிங் போட்டுச் சுவரையும் தளத்தையும் சேர்த்தே கான்கிரீட்டில் வார்க்கும் அபார்ட்மென்ட்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. இதிலும் சுவர்தான் தூண். போன வருடம் ஆடிட்டுக்குப் போன ஒரு குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரர் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

"சார், இந்தச் சுவரை மட்டும் எடுத்துட்டா ஹால் பெருசாயிடும். இன்டீரியர்காரர் ஒரே நாள் வேலைங்கறார்."

"இதுக்கு மேல எத்தனை வீடு இருக்குங்க?"

"ஆறு."

"அந்த ஆறு வீடும் இது மேலதாங்க நிக்குது."

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஏசி குழாய்க்காகத் தரையிலிருந்து கூரைவரை சுவரில் ஒரு நீளப் பள்ளம் ஏற்கெனவே வெட்டியாகியிருந்தது, உள்ளே இரண்டு கம்பி அறுந்து பளபளவென்று தெரிந்தது. அசோசியேஷன் செயலாளரை மேலே வரச் சொன்னேன். மற்ற வீடுகளிலும் அதே ஏசி ஆள்தான் வேலை செய்திருக்கிறார் என்றார் அவர்.