ஒரு லேப்டாப், இரண்டு இயங்குதளம், ஐந்தரை மணி நேரம்

“அண்ணே, மணி அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது. பேட்டரி போயிருச்சா?” மதுரையில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கும் கடைகளில் இந்தக் கேள்வி என்றாவது வந்தே தீரும். கேட்பவர் பெரும்பாலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் புதிதாக லினக்ஸ் போட்ட கல்லூரிப் பையனாக இருப்பார். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரியை மாற்றிப் பிரயோஜனமில்லை. அது தீர்ந்திருந்தால் தேதியே பல வருஷம் பின்னால் போயிருக்கும். கணக்காக ஐந்தரை மணி நேரம் பிசகாது.

மெஷினை அணைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு கடிகாரம் மதர்போர்டில் உண்டு. அதில் எந்த நேரத்தை வைப்பது என்பதில்தான் தகராறு. விண்டோஸ், அதற்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்துப் பழக்கப்படி, உள்ளூர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தை வைக்கும். இங்கே காலை 9 மணி என்றால் யுடிசியில் 3:30. லினக்ஸ் 3:30 என்று எழுதிவிட்டுப் போக, அடுத்து எழும் விண்டோஸ் அதை அப்படியே நம்பி விடிகாலை என்று காட்டுகிறது. இன்டர்நெட் கிடைத்ததும் விண்டோஸ் அதை 9 என்று திருத்தி வைக்கும். இப்போது லினக்ஸைத் திறந்தால், அது அதன்மேல் ஐந்தரையைக் கூட்டி மதியம் 2:30 என்னும்.

உள்ளூர் நேரத்தையே பின்பற்று என்று லினக்ஸிடம் சொல்ல ஒரே கட்டளை போதும். கொடுத்தால் அதுவே எச்சரிக்கவும் செய்யும். கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் நாடுகளுக்கான எச்சரிக்கை அது. நமக்கு வருஷம் முழுக்க ஒரே நேரம்தான், தாராளமாகச் செய்யலாம்.

டூயல் பூட் என்கிற இந்த ஏற்பாடு நம் ஊருக்குப் புதிதல்ல. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து ‘எது வேண்டும்’ என்று கேட்டதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்பது பூட்லோடர் என்னும் குட்டி நிரல். பழைய முறையில் அது தொடங்கும் இடம் டிஸ்கின் முதல் 512 பைட். டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையும் அதற்குள்ளேதான் என்பதால், நிரலுக்குக் கிடைத்தது 446 பைட் மட்டும். லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸ் போட்டால் அது அந்த இடத்தில் தன் நிரலை எழுதிவிடும். பைல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும், ஆனால் லினக்ஸுக்குள் போக வழி இருக்காது. முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ் என்ற வரிசை அப்படி வந்ததுதான். யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை உள்ள இப்போதைய மெஷின்களில் இதற்கென்றே ஒரு சின்ன பார்ட்டிஷன் உண்டு; அதில் ஆளுக்கொரு போல்டர். சண்டை பெரிதும் குறைந்துவிட்டது.

இரண்டு இருந்தாலும் ஒரு நேரத்தில் ஓடுவது ஒன்றுதான். ஒரே கல்யாண மண்டபத்தை இரண்டு வீட்டார் அடுத்தடுத்து எடுப்பது மாதிரி, முதல் வீட்டார் காலி செய்தால்தான் அடுத்தவர் நுழைய முடியும். விண்டோஸ் 8-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியோ சாமான்களை உள்ளேயே போட்டுப் பூட்டிவிட்டுப் போகிற ரகம். ஷட்டவுன் கொடுத்தாலும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்கில் சேமித்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் விண்டோஸ் டிரைவில் எழுதினால் பைல்கள் கெடலாம். அதனால்தான் லினக்ஸ் அந்த டிரைவை ‘படிக்க மட்டும்’ என்று அடம்பிடிக்கிறது. டூயல் பூட் வைத்தால் முதல் வேலையாக இந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

சரி, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாதா? முடியும். மெய்நிகர் மெஷின் என்கிற இந்த முறையை ஐபிஎம் 1967-லேயே பெரிய கம்ப்யூட்டர்களில் செய்து காட்டியது. இயங்குதளத்தின் கெர்னல் மெஷினுக்கே தான் எஜமான் என்று நினைத்து ஓடுவது. அதைச் சாதாரண நிரல் போலக் குறைந்த அதிகாரத்தில் ஓட விட வேண்டும். அது அதிகாரமான கட்டளை ஒன்றைக் கொடுக்கும்போதெல்லாம் பிராசஸர் நிறுத்தி, மேலே இருந்து எல்லாவற்றையும் மேய்க்கும் ஹைப்பர்வைசர் என்ற நிரலிடம் ஒப்படைக்கும். ஹைப்பர்வைசர் அந்தக் கட்டளை நிறைவேறியதுபோல் பாவனை செய்து திருப்பி அனுப்பும். உள்ளே இருப்பதற்கு வித்தியாசம் தெரியாது. இதற்குத் தேவையான நிபந்தனைகளை 1974-இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் எழுதி வைத்தார்கள்.

பென்டியம் சிப் அந்த நிபந்தனையில் தோற்றது. அதிலிருந்த 17 கட்டளைகள், அதிகாரம் இல்லாமல் கொடுத்தாலும் யாருக்கும் புகார் சொல்லாமல் ஓடிவிடும். விடை மட்டும் வேறாக இருக்கும். விஎம்வேர் நிறுவனம் 1999-இல் இதைச் சமாளித்த விதம் எனக்கு இன்றும் வியப்புதான்: கெர்னலின் நிரலை ஓடவிடுவதற்கு முன்பே படித்து, வில்லங்கமான கட்டளைகளை அவ்வப்போதே மாற்றி எழுதியது. 2005-இல் இன்டெலும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் சிப்பிலேயே வழி செய்த பிறகு அந்தச் சிரமம் குறைந்தது. சில லேப்டாப்களில் அந்த வசதி, மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் அணைந்தே கிடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

4 ஜிபி ராம் உள்ள பழைய மெஷினுக்கு என் ஓட்டு டூயல் பூட்டுக்கே. அதை இரண்டாகப் பங்கு போட்டால் இரண்டுமே திணறும். 8 ஜிபிக்கு மேல் இருந்து, லினக்ஸ் கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் மெய்நிகர் மெஷினே நல்லது. அதன் டிஸ்க் வெறும் ஒரு பைல்தான்; கெட்டுப்போனால் அந்த பைலை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். டூயல் பூட்தான் என்று முடிவு செய்தால், டிஸ்கைப் பிரிப்பதற்கு முன் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பூட் முறை மாறியதைப் பார்த்ததும் அது அந்த எண்ணைத்தான் கேட்கும்.