நாலு பேர் கையெழுத்து, ஒருத்தர் உழைப்பு

கோவை, ஈரோடு பக்கம் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் யாருக்கும் இது தெரியும். குரூப் அசைன்மென்ட் கொடுத்தால் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை ராத்திரி கண்விழித்து முடிக்கும். மற்ற மூன்று பேரும் அட்டையில் பேர் போட்டுக்கொள்வார்கள். இந்தியா 2014-ல் வாஷிங்டன் உடன்படிக்கையில் (பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம்) சேர்ந்த பிறகு, சிக்கலான பொறியியல் பிரச்சினையைத் தீர்க்கும் திறனை என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்திலும் கேட்கிறார்கள். அந்தத் திறன் இப்படிக் கையெழுத்துப் போட்டு வராது. அதனால்தான், பாடத்துக்கு முன்பே ஒரு பிரச்சினையைக் கொடுத்துக் குழுவாகத் தீர்க்க வைக்கும் முறையைப் பற்றி எழுதுகிறேன்.

பாடப்புத்தகக் கணக்கில் வேண்டிய எண்ணெல்லாம் கொடுத்திருப்பார்கள், விடையும் ஒன்றுதான். தொழிற்சாலையில் பாதி எண் கிடைக்காது, கிடைப்பதும் ஒன்றோடொன்று முட்டும்.

வேதிப்பொறியியல் மூன்றாமாண்டில் நான் வைக்கும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். திருப்பூர் சாயப்பட்டறைக்காரர் எழுதியது போல நானே ஒரு பக்கக் கடிதம் தயாரித்து வைத்திருக்கிறேன். "எவாப்பரேட்டர் செலவு கட்டுபடி ஆகலீங்க. ஆர்.ஓ.விலயே இன்னுங்கொஞ்சம் தண்ணி எடுத்துட்டா ஆகாதுங்களா?" அவ்வளவுதான் கேள்வி. ஆர்.ஓ. என்பது அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வு (மெம்பரேன்) வழியாகக் கழிவுநீரிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரிப்பது. மிஞ்சும் உப்புத்தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்குவது எவாப்பரேட்டர். சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை இந்தப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு பிள்ளையின் அப்பா பட்டறையில் வேலை பார்ப்பார், இன்னொரு பிள்ளையின் தாத்தாவுக்கு நொய்யல் கரையில் தோட்டம் இருக்கும். அதனால் கடிதத்தை யாரும் அலட்சியமாகப் படிப்பதில்லை.

பாடம் நடத்துவதற்கு முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுவேன். "ஏனுங்க சார், ஃப்ளோ ரேட்டே குடுக்கலீங்களே?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. "என்ன வேணுமோ கேளுங்க, எதுக்கு வேணும்னு சொல்லிட்டுக் கேளுங்க" என்பேன். பிறகு ஒவ்வொருவரும் தனியாக அரைப் பக்கம் எழுத வேண்டும்: அவர் கேட்பது என்ன, நமக்குத் தெரிந்தது என்ன, தெரிந்துகொள்ள வேண்டியது என்ன. அதற்கப்புறம்தான் நாலு பேராக உட்கார வைப்பேன். முதலிலேயே உட்கார வைத்தால் வாய் பேசத் தெரிந்தவன் நினைப்பதே எல்லாருடைய கருத்தாகிவிடும்.

ஒரு குழு போர்டில் போட்ட கணக்கு இது. நூறு லிட்டர் கழிவுநீரில் ஆர்.ஓ. 85 லிட்டரை நல்ல தண்ணீராக்கினால் 15 லிட்டர் எவாப்பரேட்டருக்குப் போகும். 90 எடுத்தால் போவது 10 தான். அஞ்சு லிட்டர் கூட எடுத்ததில் எவாப்பரேட்டரின் சுமை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வேண்டும் என்பதால் லாபம் கண்ணுக்குத் தெரிகிறது, குழுவுக்கும் சந்தோஷம். அப்போது மெம்பரேன் பகுதியைப் படித்து வந்த பெண் குறுக்கிட்டாள். "அதே உப்பு பத்து லிட்டர்ல இருந்தா ஒன்றரை மடங்கு அடர்த்தி ஆகுதில்ல? பிரஷரை ஏத்தணும். கால்சியமும் சிலிக்காவும் மெம்பரேன்ல படியும்." எங்கே நிறுத்துவது என்று பேச ஆரம்பித்தார்கள். பம்புக்கு ஆகும் கரண்ட், மெம்பரேன் மாற்றும் செலவு, மீட்ட உப்பு மறுபடி சாயத்துக்கு ஆகுமா என்று பேச்சு நீண்டது. நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த வாக்குவாதமே வந்திருக்காது.

அந்தப் பெண் மெம்பரேனை மட்டும் படித்து வந்தது ஒரு ஏற்பாடு. பாகம் பிரித்துக் கற்கும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் டெக்சஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கினார். ஒரே பாகத்தை எடுத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் சேர்ந்து படித்து, தம் குழுவுக்குத் திரும்பி வந்து கற்றுக்கொடுக்க வேண்டும். அடுத்து நான் யாரை வேண்டுமானாலும் எழுப்புவேன். மெம்பரேன் படித்தவளிடம் எவாப்பரேட்டரைக் கேட்பேன். தனித்தேர்வும் உண்டு. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு முடியாது, ஆனால் ஒவ்வொருவரும் தனியாகவும் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் பழைய குரூப் அசைன்மென்ட்தான் மிஞ்சும்.

பிரச்சினையை முன்வைத்துக் கற்பது கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரியில் 1969-ல் தொடங்கியது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தை 1974-லிருந்து இதன்மேலேயே நடத்துகிறார்கள். மெக்மாஸ்டரில் சின்னக் குழு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் உண்டு. நம் வகுப்பில் அறுபது பேருக்கு ஒருவர். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கைரியா முகமது யூசோஃபும் சக ஆசிரியர்களும் இதோடு கூட்டுறவுக் கற்றலை, அதாவது ஒருவரையொருவர் சார்ந்து குழுவாகக் கற்பதை, இணைத்தது இந்த நிலைமைக்குத்தான் பொருந்தும். ஆசிரியர் குழு குழுவாகச் சுற்றி வருவார், நடுவில் பிள்ளைகளே ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வார்கள்.

முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான். "சார் பாடமே நடத்தறதில்லீங்க" என்று துறைத்தலைவரிடம் போவார்கள். அதிகம் முரண்டு பிடிப்பது முதல் மார்க் வாங்கும் பிள்ளைகள்தான், தனியாகவே ஜெயித்துப் பழகியவர்கள் ஆயிற்றே. அவர்களைக் கைவிட்டுவிடாதீர்கள். முட்டிமோதி முடித்த பிறகு ஒரு முழு வகுப்பு எடுத்து, விட்டுப்போனதையெல்லாம் நீங்களே விளக்குங்கள். அப்போது கேட்கிற கவனமே வேறு.

போர்ஷன் முடியாதே என்று பயப்படும் ஆசிரியர்கள் ஒரு பாடத்தில் ஒரே ஒரு யூனிட்டில் தொடங்கலாம். வார்ப்பு ஆலையின் (ஃபவுண்டரி) கழிவு மணல், வோல்டேஜ் குறைந்தால் சூடாகும் பம்பு மோட்டார் என்று கணக்குக்கு நம்ம ஊரில் பஞ்சமில்லை. எழுதி முடித்ததும் வேறு துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரே சூத்திரத்தில் அவர் விடை கண்டுவிட்டால், வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் திருத்தி எழுதுங்கள்.