மெய்வருத்தத்துக்கு உடம்பு கட்டும் வட்டி

1978-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, ஷெர்மன் ஜேம்ஸ் என்கிற ஆய்வாளர் ஒரு வயதான கருப்பின விவசாயியிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தார். ஜேம்ஸும் கருப்பினத்தவர்தான், தென் கரோலினாக்காரர். தன் இனத்து ஆண்களுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் பிரஷர் வருகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெரியவர் 1907-ல், அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்து உழுகிற குடும்பத்தில் பிறந்தவர். விளைந்ததில் நிலக்காரன் பங்கு போக, விதைக்கும் மளிகைக்கும் வாங்கிய கடனையும் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, அடுத்த வருடமும் அதே நிலம், அதே கடன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. எழுதப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டார். கடன் வாங்கி நிலம் வாங்கினார், 40 வருடத்தில் அடைக்க வேண்டியதை ராத்திரி பகல் பாராமல் உழைத்து 5 வருடத்தில் அடைத்தார். நாற்பது வயதில் 75 ஏக்கருக்குச் சொந்தக்காரர்.

ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு உயர் ரத்த அழுத்தம், மூட்டுவாதம், அதோடு அல்சர். இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்ததாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது பெரியவரின் மனைவி வந்து, சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்: ஜான் ஹென்றி. ஜேம்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏன் என்று புரிய, அமெரிக்கக் கருப்பினத் தொழிலாளர்கள் நடுவே வாய்வழியாக வந்த ஒரு பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1870-களில் மேற்கு வர்ஜீனியா மலைகளைக் குடைந்து ரயில் சுரங்கம் போட்ட காலம். பாறையில் உளியைச் சம்மட்டியால் அடித்து இறக்கித் துளை போடுகிற கூலியாள் ஜான் ஹென்றி. மனிதனுக்குப் பதில் துளை போட நீராவி இயந்திரம் ஒன்று வருகிறது. அதோடு போட்டி போட்டு ஜெயிக்கிறான். ஜெயித்த கையோடு, சம்மட்டியைப் பிடித்தபடியே விழுந்து சாகிறான். அந்த நாயகனின் பெயரையே வைத்துக்கொண்டு, அவனைப் போலவே ஜெயித்து, அவனைப் போலவே உடம்பை விலையாகக் கொடுத்த ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஜேம்ஸ் தன் கருதுகோளுக்கு ஜான் ஹென்றியிசம் என்றே பெயர் வைத்துவிட்டார். அறிவியலில் இவ்வளவு பொருத்தமான பெயர் அடிக்கடி அமைவதில்லை.

கருதுகோள் எளிமையானது, ஆனால் கொஞ்சம் சங்கடமானது. வசதியும் ஆதரவும் இல்லாத ஒருவர், விட்டேனா பார் என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டினால் அந்த முயற்சியே அவருடைய ரத்தக்குழாயில் போய் உட்காரும். மெய்வருத்தம் கூலி தரும் என்று பள்ளியில் ஒப்பித்தவர்கள்தானே நாம், மெய் என்பது இங்கே உடம்பு என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஜேம்ஸ் 12 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலைச் செய்தார். நினைத்தபடி நடக்காவிட்டால் இன்னும் கடுமையாக உழைப்பேன் என்கிற மாதிரியான வாக்கியங்கள், அவற்றோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். பிறகு வட கரோலினாவின் எட்ஜ்கோம்ப் கவுண்டியில் ஆய்வு செய்து 1987-ல் வெளியிட்டார். விடாமுயற்சி மதிப்பெண் அதிகமாக உள்ள கருப்பினத்தவரை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், படிப்பும் வேலையும் குறைவாக இருந்தவர்களிடம் உயர் ரத்த அழுத்தம், வசதியானவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே விடாமுயற்சி, அதே பிடிவாதம், பின்னால் தாங்கிப் பிடிக்க ஏதாவது இருப்பவரை ஒன்றும் செய்யவில்லை. அங்கிருந்த வெள்ளையர்களிடம் இந்த வித்தியாசமே தென்படவில்லை.

சரி, முயற்சி எப்படி ரத்தக்குழாய்க்குள் போகிறது?

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து தொடங்கலாம். சவால் ஒன்று வருகிறது என்று மூளை நினைத்த சில நொடிகளில் அட்ரினலின் பாயும், சில நிமிடங்களில் கார்டிசால் என்கிற இன்னொரு ஹார்மோன் ஏறும். இதயம் வேகமாக அடிக்கும், சின்ன தமனிகள் இறுகும், சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். பாம்பைப் பார்த்து ஓட இது அருமையான ஏற்பாடு. ஆனால் பாம்பு போய்விட வேண்டும். தினமும், வருடம் பூராவும், சவால் போகாமல் எதிரிலேயே நின்றால், மேல்தொட்டி நிரம்பிய பிறகும் அணைக்காத மோட்டார் மாதிரி ஆகிவிடும். கூடுதல் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித் தமனிச் சுவரின் தசை தடிக்கும், தடித்தால் உள்ளே வழி குறுகும், வழி குறுகினால் அழுத்தம் இன்னும் ஏறும். கழுத்துத் தமனியில் அழுத்தத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் உணர்விகள் இருக்கின்றன, அவையும் கொஞ்ச நாளில் இந்த உயர்ந்த அளவையே சாதாரணம் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். அதனால்தான் பிரஷர்காரருக்கு எதுவும் தெரிவதில்லை, அவர் பாட்டுக்கு வேலைக்குப் போய் வருவார்.

இன்னொரு விஷயம், தூக்கம். ஆரோக்கியமான உடம்பில் இரவில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். அமெரிக்கக் கருப்பினத்தவரிடம் இந்த இறக்கம் வெள்ளையரைவிடக் குறைவு என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. படுத்தபிறகும் மோட்டார் முழுசாக அணையவில்லை என்று அர்த்தம். இப்படிச் சேர்ந்துகொண்டே போகும் தேய்மானத்துக்கு 1993-ல் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லாரும் அலோஸ்டாட்டிக் சுமை என்று பெயர் கொடுத்தார்கள். உடம்பு தன்னைச் சமாளித்துக்கொண்டதற்குக் கட்டுகிற வட்டி என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உடனே ஒருவர் கேட்பார், இது மரபணு விவகாரம்தானே என்று. பிரஷர் என்றால் உப்பு, பரம்பரை, இரண்டே காரணம்தான் என்று பேசும் வீட்டில் வளர்ந்ததால் நானும் அப்படித்தான் நினைத்தேன். ரிச்சர்ட் கூப்பர் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 16 சதவீதம், அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள் வாழும் கரீபியனில் 26, அமெரிக்காவில் 33. மூதாதையர் ஒரே பகுதியினர், எண் மட்டும் அட்லாண்டிக்கைத் தாண்டத் தாண்ட ஏறுகிறது. உடல் எடையும் உணவும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன, அதையும் அவர்களே சொல்கிறார்கள். அதே குழு பின்னர் பல நாடுகளை ஒப்பிட்டபோது, ஜெர்மனியின் வெள்ளையர்களிடம் இருந்த பிரஷர் அமெரிக்கக் கருப்பினத்தவரிடம் இருந்ததைவிட அதிகம். தோல் நிறத்தில் காரணத்தைத் தேடுவது அதோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை.

அப்படியானால் அமெரிக்கக் கருப்பின ஆண்கள் எதோடுதான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள்? டேவிட் வில்லியம்ஸ் 1997-ல் உருவாக்கிய கேள்வித்தாள் ஒன்று உண்டு. பெரிய அநியாயங்களை அது கேட்பதில்லை, அன்றாடத்தை விசாரிக்கிறது. கடையில் மற்றவர்களைவிட மட்டமாகக் கவனிக்கிறார்களா, உங்களைக் கண்டால் பயப்படுவது மாதிரி நடந்துகொள்கிறார்களா, நீங்கள் புத்திசாலி இல்லை என்பது போல நடத்துகிறார்களா. ஒவ்வொன்றும் அற்பம். ஆனால் லிப்டில் ஏறும்போது பக்கத்தில் நிற்கும் பெண் கைப்பையை இறுக்கிப் பிடிப்பார் என்று எதிர்பார்த்து, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, குரலைத் தணித்துக்கொண்டு, கைகளைக் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒரு மனிதன் தன்னைத்தானே மேற்பார்வை பார்க்க முடியும்? மூளை சவாலை நினைத்த மாத்திரத்திலேயே அட்ரினல் வேலை தொடங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம், நடந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

இதில் என்னை அதிகம் உலுக்கியது ஜார்ஜியா மாநிலக் கிராமப்புறங்களில் ஜீன் பிராடியும் கிரெகரி மில்லரும் கருப்பினப் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து செய்த வேலை. ஏழைக் குடும்பத்தில் பிறந்தும் பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு படிப்பில் கவனமாக இருந்த பிள்ளைகள், 19 வயதில் நன்றாகவே இருந்தார்கள்: மனச்சோர்வு குறைவு, போதைப் பழக்கம் குறைவு. ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தபோதுதான் தெரிந்தது, அந்த நல்ல பிள்ளைகளிடமே அலோஸ்டாட்டிக் சுமை அதிகம். 2015-ல் வந்த அடுத்த ஆய்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் ரத்த அணுக்கள் வயதைவிட மூப்படைந்திருந்தன. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே சுயகட்டுப்பாடு உடம்பிலும் நன்மையே செய்தது. வெளியில் பார்த்தால் முன்னேறிய பையன், எல்லோரும் உதாரணம் காட்டுகிற பையன். பத்தொன்பது வயது!

இனி அப்பாக்கள். கருப்பின ஆண் என்றால் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவன் என்றொரு பிம்பம் அமெரிக்காவில் பரப்பப்பட்டு, சினிமா வழியாக நம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்கும் அப்பாக்களில், தினமும் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, டயாப்பர் மாற்றுவது போன்றவற்றைச் செய்பவர்கள் கருப்பினத்தவரில் 70 சதவீதம், வெள்ளையரில் 60. பிள்ளையோடு ஒரே வீட்டில் இல்லாத அப்பாக்கள் அங்கே நிறைய உண்டு என்பதும் உண்மைதான், ஆனால் வீட்டில் இல்லை என்பதும் அக்கறை இல்லை என்பதும் ஒன்றாகிவிடாது. இன்னொரு கடமையும் அந்த அப்பாக்களுக்கு இருக்கிறது: பையனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போதே, போலீஸ் நிறுத்தினால் கைகளை ஸ்டியரிங் மேல் வை, சட்டென்று எதையும் எடுக்காதே, பதில் பணிவாகச் சொல் என்று உட்காரவைத்துச் சொல்வது. தன் உடம்பில் ஓடும் அந்த மேற்பார்வையை மகனுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவன் உயிரோடு வீடு வர.

ஜெயித்த அப்பாவால் ஜெயிப்பை மகனுக்குக் கொடுக்க முடிகிறதா? பொருளியல் அறிஞர் ராஜ் செட்டி (டெல்லியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துக்காரர்) தன் குழுவோடு 2018-ல் ஏறக்குறைய 2 கோடி அமெரிக்கப் பிள்ளைகளின் வரிக் கணக்கையும் மக்கள்தொகைக் கணக்கையும் இணைத்துப் பார்த்தார். ஒரே வருமானமுள்ள வீடுகளில், ஒரே தெருவில் வளர்ந்தாலும்கூடக் கருப்பினப் பையன்கள் பெரியவர்களாகும்போது வெள்ளைப் பையன்களைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள், நாட்டின் 99 சதவீதப் பகுதிகளில் இதே கதை. பெண் பிள்ளைகளிடம் இந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. இடைவெளி குறைந்த இடங்கள் கொஞ்சம்தான், அங்கே வறுமை குறைவு, வெள்ளையரிடம் இன வெறுப்பும் குறைவு, இன்னொன்றும் இருந்தது: அக்கம்பக்கத்தில் கருப்பின அப்பாக்கள் நிறைய. ஒரு பையனின் சொந்த அப்பா வீட்டில் இல்லாவிட்டால்கூட, தெருவில் மற்ற அப்பாக்கள் இருந்தது அவனுக்கு உதவியிருக்கிறது. மைதானத்தில் கத்திக்கொண்டு நிற்கும் பக்கத்து வீட்டு மாமா யாருக்கெல்லாம் அப்பாவாக இருந்திருக்கிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

அந்த மாமா சீக்கிரம் செத்துப் போகிறார் என்பதுதான் அடுத்த சிக்கல். 2019-ல் அமெரிக்கக் கருப்பின ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் 71, வெள்ளை ஆண்களுக்கு 76. ஐந்து வருடம் என்று எண்ணாகப் படித்துவிட்டுப் போகலாம், ஆனால் ஒவ்வொரு மரணத்தைச் சுற்றியும் ஒரு குடும்பம் உண்டு. டெப்ரா அம்பர்சன் தலைமையில் 2017-ல் வந்த ஆய்வு அந்தப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தது: கருப்பின அமெரிக்கர்கள் அம்மாவை, அப்பாவை, கூடப்பிறந்தவரை வெள்ளையரைவிட இளம் வயதிலேயே இழக்கிறார்கள், வாழ்க்கையில் அதிகம் பேரையும் இழக்கிறார்கள். துக்கமும் உடம்பில் அதே பாதையில்தான் ஓடுகிறது. மாரடைப்பு வந்த சுமார் 2,000 பேரிடம் (எல்லா இனத்தவரும் இருந்தார்கள்) விசாரித்து 2012-ல் வெளியான ஆய்வில், நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 21 மடங்கு ஏறியது. பிறகு மெல்ல இறங்கும். இறங்குவதற்கு இடைவெளி வேண்டும், அழவும் நேரம் வேண்டும். சாவு வீட்டில் ஆம்பளை அழக் கூடாது என்று அங்கேயும் சொல்கிறார்கள், அடுத்த நாள் ஷிப்டுக்குப் போயாக வேண்டியவன் அதை இன்னும் நன்றாகவே கடைப்பிடிக்கிறான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜான் ஹென்றியிசம் எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி வரவில்லை. சிலவற்றில் தொடர்பு பலவீனம், சிலவற்றில் இல்லவே இல்லை, பெண்களிடம் வேறு மாதிரி. விடாமுயற்சியை 12 கேள்வியில் அளந்துவிட முடியுமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் ஜேம்ஸ் எழுப்பிய கேள்வி நிற்கிறது, ஏனென்றால் மருத்துவர்கள் அதுவரை நோயாளியின் சோம்பலையும் சாப்பாட்டையும்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் நோயாளியின் உழைப்பைச் சந்தேகப்பட்டார்.

சரி, மோட்டாரை யார் அணைப்பது? லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவர் சலூனுக்குப் போனார். கருப்பின ஆண்களுக்குச் சலூன் முடிவெட்டும் இடம் மட்டும் கிடையாது, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லாத இடம். மேற்பார்வையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்காரலாம். 52 சலூன்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாத 319 வாடிக்கையாளர்கள், எல்லோரும் ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாவது முடிவெட்ட வருகிறவர்கள். ஒரு பாதிச் சலூன்களில், டாக்டரைப் பாருங்கள் என்று முடிவெட்டுகிறவர் சொல்லி அனுப்பினார். மறுபாதியில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, அங்கேயே பிரஷர் பார்த்து, வாடிக்கையாளரின் டாக்டரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மாத்திரையைக் கொடுத்துக் கூட்டியும் மாற்றியும் வந்தார். 2018-ல் முடிவு வந்தது. தொடங்கும்போது இரு பக்கமும் மேல் அளவு 150-க்கு மேல். ஆறு மாதத்தில், சொல்லி மட்டும் அனுப்பிய கடைகளில் சுமார் 9 புள்ளி இறங்கியது, மருந்தாளுநர் வந்த கடைகளில் 27. அந்தக் கடைகளில் 63 சதவீதத்துக்கும் மேலானவர்கள் 130/80-க்குக் கீழே வந்துவிட்டார்கள். விக்டர் அதே வருடம் செப்டம்பரில் இறந்துபோனார். ஒரு வருட முடிவு அதற்கப்புறம்தான் அச்சில் வந்தது, அப்போதும் இறங்கிய பிரஷர் ஏறாமல் அப்படியேதான் இருந்தது.